யூரோப்பாவா, என்சிலாடஸா? கடலூர் கரையிலிருந்து ஒரு ஒப்பீடு

வியாழனின் நிலவு யூரோப்பா, சனியின் நிலவு என்சிலாடஸ்: இரண்டிலும் பனி ஓட்டுக்கு அடியில் உப்புக்கடல். ஆனால் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நின்று பார்க்க நினைப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

வியாழனின் யூரோப்பாவுக்கு 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. முகப்பு வில்லை) போதும். கையில் பிடித்தால் படம் ஆடும், முக்காலியில் பொருத்துங்கள். வியாழன் கடலுக்கு மேல் தலைகாட்டியதும் அவசரப்பட வேண்டாம். அடிவானத்துக் காற்று உருவத்தைக் கலங்கடிக்கும். இரண்டரை மணி நேரத்தில் 30 பாகைக்கு மேல் ஏறிவிடும். வியாழன் அருகே தெரியும் நான்கு நிலவுகளில் எது யூரோப்பா என்பதை ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபடச் செயலி காட்டும்.

சனியின் என்சிலாடஸ் 504 கி.மீ. விட்டமே கொண்டது, ஒளித்தரம் 11.7 (எண் கூடக்கூட மங்கல்). வளையத்தின் வெளிச்சம் அதை மறைக்கப் பார்க்கும். 8 அங்குலத் தொலைநோக்கியோடு, கரை விளக்குகளை விட்டுத் தள்ளிப் போங்கள். கண்ணாடியில் படியும் உப்பைத் துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ரப்பர் காற்றூதியால் ஊதிவிடுங்கள்.

கடலை ஆராய்வதில் நிலைமை தலைகீழ். என்சிலாடஸ் தென்துருவத்தின் நான்கு பிளவுகள் வழியே தன் கடலைத் தானே விண்வெளிக்குப் பீச்சுகிறது. 2005-இல் இதைக் கண்ட காசினி விண்கலம், பிறகு அந்தத் தாரைக்குள்ளேயே பறந்தது. தாரையிலும் அதிலிருந்து பரவிய துகள்களிலும் உப்பு, சிலிக்கா, ஹைட்ரஜன், பாஸ்பேட் கிடைத்தன. ஒரு துளைகூடப் போடாமல் இவ்வளவு! உயிர்த்தடயம் தேட முதலில் போகவேண்டிய இடம் இதுதான் என்போம்.

யூரோப்பாவில் நீர் அதிகம், பூமிக்கடல்களைப் போல் சுமார் இருமடங்கு. ஆனால் ஓடு பல கிலோமீட்டர் தடிமன். வியாழனின் கதிர்வீச்சு மின்னணுச் சாதனங்களைச் சிதைக்கும். அதனால்தான் 2024 அக்டோபரில் புறப்பட்ட நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் அந்த நிலவைச் சுற்றாது. வியாழனைச் சுற்றியபடி 49 முறை அருகே வந்துபோகும்.