சிஎஸ்வி கோப்பில் தேட மில்லர்: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பெரிய சிஎஸ்வி கோப்பிலிருந்து (கட்டங்களைக் கமாவால் பிரித்து எழுதிய பட்டியல்) நாலு வரியை மட்டும் தேடி எடுக்க எக்செல் தேவையில்லை. கமாண்ட் லைனில், அதாவது கட்டளையைத் தட்டச்சு செய்து ஓட்டும் மில்லர் என்ற கருவி போதும். சமூக மன்ற நிகழ்ச்சிகளின் பதிவுப் பட்டியல்களையும் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் மறுவிற்பனை விலைக் கோப்பையும் பல வருடங்களாக இதில்தான் பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் எல்லாம் ஆக் (awk). 1977இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த கருவி. சர்வர் லாக் பார்க்க இன்றும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் நம் ஊர் முகவரி அதற்கு ஆகாது. புளோக், தெரு, மாடி எண் என்று ஒரே கட்டத்துக்குள் இரண்டு கமா வரும். மேற்கோள் குறிக்குள் இருந்தாலும் பழைய ஆக் அங்கேயே வெட்டிவிடும்; ஐந்தாவது கட்டத்தைக் கேட்டால் மாடி எண் வந்து நிற்கும். 2023இல் வந்த கேஆக் (gawk, ஆக்கின் இன்னொரு வடிவம்) 5.3 சிஎஸ்வியைச் சரியாகப் படிக்கிறது. ஆனாலும் கட்டத்தை எண் சொல்லித்தான் கேட்க வேண்டும். பதிவுப் படிவத்தில் யாராவது ஒரு கேள்வியைக் கூடுதலாகச் சேர்த்தால் எண்களெல்லாம் நகர்ந்துவிடும்.

மில்லரில் தலைப்பு வரியில் உள்ள பெயரைச் சொன்னால் போதும். நான் இதை விடாமல் வைத்திருப்பதே இதற்காகத்தான். 2017 முதலான மறுவிற்பனைக் கோப்பில் இரண்டு லட்சம் வரிகளுக்கு மேல் உண்டு. நகரம் தெம்பனிஸ், வகை நாலறை வீடு என்று வடிகட்டி, விலைப்படி அடுக்கி, மேலே உள்ள பத்தை மட்டும் காட்டு என்பதை ஒரே கட்டளையில் சொல்லிவிடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் கோப்பில் எஞ்சிய குத்தகை, வருடமும் மாதமும் சேர்ந்த எழுத்தாக இருக்கிறது. எண்ணாக ஒப்பிட முடியாது. குத்தகை தொடங்கிய வருடத்தை வைத்து வடிகட்டினால் வேலை சுலபம்.

அப்புறம் அஞ்சல் குறியீடு. மரினா பே சாண்ட்ஸ் 018956. எக்செலில் அப்படியே திறந்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். மில்லர், நாம் கணக்குப் போட்டு மாற்றாதவரை, இருந்தபடியே வெளியே தருகிறது. ஒரு வரியில் கட்டம் குறைந்தால் பிழை சொல்லி நின்றுவிடும். முதலில் எரிச்சலாக இருக்கும். தப்பான பட்டியல் வெளியே போவதைவிட இது எவ்வளவோ மேல்.

குறை உண்டு. தமிழ்ப் பெயர்கள் உள்ள பட்டியலை அட்டவணையாகக் காட்டச் சொன்னால் பத்திகள் கோணலாக நிற்கும். கொம்பையும் புள்ளியையும் தனித்தனி எழுத்தாக எண்ணுவதால் வரும் கோளாறு. கட்டத்துக்கு ஒரு வரி என்று கீழ்நோக்கிக் காட்டும் வடிவத்துக்கு மாற்றினால் படிக்க முடிகிறது. தலைப்பில் இடைவெளி இருந்தால் கட்டளையில் அந்தப் பெயரைச் சுற்றிச் சுருள் அடைப்புக்குறி போட வேண்டும். புதியவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

வேகம்தான் முக்கியம் என்பவர்களுக்கு எக்ஸ்எஸ்வி (xsv) என்ற கருவி இருந்தது. இப்போது அதை யாரும் பராமரிப்பதில்லை, அந்த வழியில் வந்த கியூஎஸ்வியை (qsv) பார்க்கலாம். என் அளவுக் கோப்புகளுக்கு மில்லரின் வேகம் தாராளம்.

"அண்ணே, ஆன்லைனில் ஏற்றித் தேடினால் என்ன?" என்று குழுவில் உள்ள தம்பி ஒருவர் கேட்டார். பட்டியலில் நூற்றுக்கணக்கானவர்களின் கைப்பேசி எண்ணும் வீட்டு முகவரியும் இருக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இலிருந்தே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் ஏற்ற மாட்டேன். மில்லர் முழுக்க நம் கணினியிலேயே ஓடுகிறது. அன்றே அவர் மடிக்கணினியிலும் போட்டுக் கொடுத்தேன்.