ஒரே பிட்சரா, இருவரா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி சாஃப்ட்பாலில் (பேஸ்பால் வகை ஆட்டம், பந்தைக் கீழ்க்கையாக வீசுவார்கள்) பயிற்சியாளரின் முதல் கணக்கு இதுதான்: பிட்சராக, அதாவது பந்து வீசுபவராக, ஒருவரையே நம்புவதா, இருவரை வைத்துக்கொள்வதா? பிட்சிங் தூரம் 43 அடி, ஆட்டம் 7 இன்னிங்ஸ். பேஸ்பாலுக்கு 2017 முதல் உள்ள பந்து எண்ணிக்கை வரம்பு போல இங்கே தேசிய விதி இல்லை. அதனால் சிறந்த பிட்சரையே எல்லா ஆட்டங்களிலும் இறக்கலாம்.

இறக்கினால் தொடக்கத்தில் வெற்றிகள் குவியும். ஆனால் ஆட்டத்துக்கு 100 பந்து, வாரம் 3 ஆட்டம் என்றால் 300 பந்து, வார்ம்-அப் தனி. கீழ்க்கை வீச்சு தோளுக்கு நோகாது என்பது பழைய நம்பிக்கை. ஆனால் கையை முழு வட்டமாகச் சுற்றி வீசும் விண்ட்மில் சுழற்சியில் தோளின் முன்பக்கத் தசைநாண் தேயக்கூடும். களைத்ததும் ரைஸ் பந்து (பேட்டரை நோக்கி மேலெழுவதுபோல் வரும் பந்து) எழாமல் இடுப்புயரத்தில் தட்டையாக வரும், அடி வாங்கும். மூன்றாம் முறை வரும் பேட்டர்களுக்கு வேகமும் பழகிவிடும்.

இருவர் என்றால் ரைஸ் வீசுபவர் 4 இன்னிங்ஸ், டிராப் (கீழே இறங்கும் பந்து) வீசுபவர் 3. பேட்டரின் கண்மட்டமே மாறும். முதல் பிட்சரை முதல் பேஸில் ஃபீல்டராக நிறுத்திவைத்தால் நெருக்கடியில் திரும்ப அழைக்கலாம். அது மாற்று ஆட்டக்காரர் கணக்கில் சேராது. விலை? இரண்டாமவர் பழகும்வரை சீசன் தொடக்கத்தில் சில தோல்விகள், அதோடு பெற்றோரின் முணுமுணுப்பு. பிளேஆஃப் வரை போகும் அணிக்கு இதுவே மேல்.