கியர்பாக்ஸ் ஆயில் மாற்றும் சேவை: வேலை சுத்தம், விசாரிப்புதான் குறைவு

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலை மாற்றவே தேவையில்லை என்று சொல்லி, முன்பு நான் சென்றுகொண்டிருந்த சர்வீஸ் நிலையத்தில் இரண்டு முறை என்னைத் திருப்பி அனுப்பினார்கள். என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இருப்பது ஜெட்.எஃப். நிறுவனத்தின் 8 வேக கியர்பாக்ஸ். அந்நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள், ஆயிலை மாற்றிவிடச் சொல்கிறது. மணலிலும் செங்குத்தான ஏற்றத்திலும் மெதுவாக ஊரும்போது, இன்ஜினின் விசையை ஆயில் வழியாகவே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குள் ஆயில் கடுமையாகச் சூடேறும் என்பதால், இவ்வகை வண்டிக்குக் குறைந்த கணக்கைப் பின்பற்றுவதே நல்லது. கியர் மாறும்போது சிறு உதறல் தெரியத் தொடங்கியதும், 92,000 கிலோமீட்டரில், கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்யும் ஒரு சிறிய பட்டறையில் வண்டியை விட்டேன்.

மெக்கானிக் ஆயிலை வடிப்பதற்கு முன்பே, நிரப்புவதற்கான பிளக்கைத் தளர்த்திப் பார்த்துக்கொண்டார். அது இறுகிப்போய்த் திறக்காவிட்டால், ஆயில் வடிந்த வண்டி அங்கேயே முடங்கிவிடும். அந்த ஒரு செயலிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. வடிந்த ஆயில் கறுத்திருந்தாலும் கருகல் வாடை இல்லை. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான 'பான்' பகுதியைக் கழற்றியதும் என்னை அழைத்து, உலோகத் துகளைப் பிடிக்க அதிலிருக்கும் காந்தங்களின் மேல் சாம்பல் நிறக் குழம்பாகப் படிந்திருந்ததை விரலில் எடுத்துத் தேய்த்துக் காட்டினார், நெருடவில்லை. அது இயல்பான தேய்மானம். உலோகச் சில்லுகள் கிடந்திருந்தால் கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டியிருந்திருக்கும். பிளாஸ்டிக் பானோடு ஃபில்டரும் சேர்ந்தே வருவதால் அதை முழுதாகவே மாற்றினார்.

இச்சேவையின் தரம் ஆயில் அளவைச் சரிபார்த்த விதத்தில்தான் தெரிந்தது. இந்த கியர்பாக்ஸில் அளவுகோல் கிடையாது. சூடேறினால் ஆயில் விரியும் என்பதால், குளிர்ந்த நிலையில் பார்த்தாலும் மிகவும் சூடான நிலையில் பார்த்தாலும் கணக்குத் தவறிவிடும். வண்டியைச் சமமாகத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு கியரிலும் சில நொடிகள் நிறுத்தி, ஸ்கேனரில் ஆயிலின் வெப்பம் 40 டிகிரியை எட்டும்வரை காத்திருந்தார். நிரப்பும் துளையில் வழிந்த ஆயில் மெல்லிய இழையாகக் குறைந்ததும் பிளக்கை மூடினார். அவசரக்காரர்கள் தவறவிடும் இடம் இதுதான்.

குறைகளும் உண்டு. டார்க் கன்வர்ட்டரில் தங்கும் பழைய ஆயில் இம்முறையில் வடியாது என்பதையும், ஏறக்குறைய பாதிதான் புதிதாகியிருக்கிறது என்பதையும் நான் கேட்ட பிறகே சொன்னார்கள். ரசீதில் வெறுமனே 'கியர் ஆயில்' என்று எழுதியிருந்தார்கள். எந்த ரகம் என்பதை அறிய நான் காலி டப்பாவைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. ரகம் மாறினால் கிளட்சுகளின் பிடிமானமே மாறிவிடும் என்பதால் இது சிறிய விஷயமல்ல. அதைவிட, ஆற்றைக் கடந்து வந்த வண்டி என்று முன்பே சொல்லியிருந்தும், கியர்பாக்ஸுக்குள் காற்று போய்வர உதவும் பிரீதர் குழாய்களை எவரும் பார்க்கவில்லை. முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அதற்குத் தனி ஆயில் உண்டு. சூடான கியர்பாக்ஸ் திடீரெனக் குளிர்ந்த நீரில் இறங்கும்போது, பிரீதர் சரியாக இல்லையென்றால் சீல்கள் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

உதறல் பெருமளவு குறைந்திருக்கிறது. காலையில் முதல் சில நிமிடங்கள் மட்டும் இலேசாகத் தெரிகிறது. இன்னும் 5,000 கிலோமீட்டர் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை வடித்து நிரப்ப அதே பட்டறையில்தான் சொல்லி வைத்திருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் கேஸையும் பிரீதர்களையும் வேலைச் சீட்டில் என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு.