தேயும் கடற்கரைக்கு எந்த ஃபிலிம்?

உப்புக்காற்று அரித்துப்போட்ட கடலோரச் சாலையில் ஃபிலிம் கேமராவோடு காரில் கிளம்புகிறவர்கள் பையில் முதலில் போடுவது கறுப்பு வெள்ளை ரோலைத்தான். இடிந்த சுவர், ஆளில்லாத படகுத்துறை என்றாலே கறுப்பு வெள்ளை என்று கண் பழகிவிட்டது. நானும் அப்படித்தான் போனேன், ஆறு ரோல் ஹெச்.பி.5 பிளஸ்ஸோடு.

ரோலின் எல்லாப் படங்களும் சின்னச் சின்னதாக ஒரே தாளில் வரும் கான்டாக்ட் ஷீட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நீலம் பூசிய ஓர் இரும்புக் கதவு, கீழ்ப்பாதி முழுக்கத் துரு. அதற்காகவே காரைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தேன். படத்தில் நீலமும் துருவும் ஒரே சாம்பல். நேற்றுதான் பெயின்ட் அடித்த மாதிரி நிற்கிறது கதவு! ஆரஞ்சு ஃபில்டர் போட்டிருந்தால் நீலம் கறுத்து, துரு வெளுத்து, இரண்டும் பிரிந்திருக்கும். சிவப்பு இன்னும் அழுத்தமாகப் பிரிக்கும், ஆனால் மூன்று ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). ஒளியுணர்வு எண் (ஐ.எஸ்.ஓ.) 400 உள்ள ஃபிலிம் 50 போல ஆகிவிட்டால் மாலையில் கையில் பிடித்து எடுப்பது கஷ்டம். அப்படியே பிரித்தாலும் எது நீலம், எது துரு என்று அந்தப் படம் சொல்லப்போவதில்லை. இந்த மாதிரி ஊர்களில் கண்ணெதிரே தேய்வது நிறம். அதைப் பதியாத ஃபிலிமை எடுத்துப்போனது என் தப்பு. வீட்டிலேயே டெவலப் செய்யலாம், 1600 ஃபிலிம் என்று வைத்து எடுத்துவிட்டு டெவலப்பில் நேரத்தைக் கூட்டி ஈடுகட்டலாம் (இதுதான் புஷ்) என்கிற வசதியெல்லாம் உண்மைதான். அந்தக் கதவுக்கு அவை உதவவில்லை.

சரி, நிறம் என்றால் ஃபிலிமிலேயே படம் நேர்நிறத்தில் தெரியும் ஸ்லைடா, தலைகீழ் நிறத்தில் பதிந்து ஸ்கேனில் திருப்பிக்கொள்ளும் நெகட்டிவா?

ஸ்லைடில் எக்டாக்ரோம் இ100. கோடக் 2012-ல் எக்டாக்ரோமை நிறுத்தி, 2018-ல் திரும்பக் கொண்டுவந்தது. ஒளிப்பெட்டிமேல் வைத்துப் பார்க்கும் சுகத்துக்கு ஈடே இல்லை. இன்னொரு பெரிய நன்மை, நீங்கள் பார்த்த நீலம் எது என்பதற்கு ஃபிலிமே சாட்சி. சங்கடம் வெளிச்சத்தில்தான். உச்சிவெயில், வெள்ளை மணல், சுண்ணாம்புச் சுவர், நடுவே இருண்ட வாசல். ஸ்லைடு தாங்குவது ஏறக்குறைய ஐந்து ஸ்டாப். அரை ஸ்டாப் கூடினாலே சுவரின் வெடிப்புகள் கரைய ஆரம்பிக்கும், ஒரு ஸ்டாப் கூடினால் அந்த இடத்தில் கண்ணாடிபோல வெற்று ஃபிலிம்தான். கேமராவின் ஒளிமீட்டரோ மணலைப் பார்த்து ஏமாந்து, எதையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். வாசல் முழு இருட்டாகிவிடும்.

போர்ட்ரா 400 நெகட்டிவ் இதையெல்லாம் மன்னிக்கிறது. இரண்டு ஸ்டாப் கூடினாலும் கலங்காது. குறைந்தால்தான் நிழல் சேறாகும். அதனால் பலர் 400 ஃபிலிமுக்கும் மீட்டரை 200-ல் வைத்து, ஒரு ஸ்டாப் கூட்டியே எடுக்கிறார்கள், நானும்தான். குறை ஒன்று உண்டு, சின்னக் குறை இல்லை. நெகட்டிவின் நிறத்தை ஸ்கேன் செய்கிறவர்தான் முடிவு செய்கிறார். ஒரே ரோலை இரண்டு லேபில் கொடுத்தால் இரண்டு நீலம் வரும். வெளிச்சம் மாறும்போதெல்லாம் ஒரு ஃப்ரேமை, ஸ்கேனில் நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டைக்குச் செலவழித்தால் தப்பிக்கலாம். இன்னொரு நெகட்டிவான எக்டார் 100 துல்லியமான ஃபிலிம்தான், ஆனால் நிறத்தை ஏற்றிக்கொடுக்கும் குணம். வெளுத்த பெயின்ட்டுக்கு மறுபடி பெயின்ட் அடித்துவிடும்.

ஃபார்மட்டில், அதாவது ஃபிலிமின் அளவில், எனக்கு அதிகக் குழப்பமில்லை. 120 என்கிற அகலமான ரோலில் 6×6 செ.மீ. நெகட்டிவ் 35 எம்.எம். ஃப்ரேமைவிட மூன்றரை மடங்குக்கும் மேல் பெரியது. உரிந்த சுவரின் ஒவ்வொரு செதிலும் தெரியும். ஆனால் 12 ஃப்ரேமுக்கு ஒருமுறை, கடற்காற்றில், காகிதம் சுற்றிய ரோலை மாற்ற வேண்டும். சற்றுத் தளர்ந்தால் ஓரத்தில் ஒளி கசியும். 35 எம்.எம்.மில் 36 ஃப்ரேம் கிடைக்கும், ஆனால் ரோலின் வாயில் ஒரு மணல் சிக்கினால் அத்தனையிலும் ஒரே நேர்கோட்டுக் கீறல். எதுவானாலும் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள். ரோல்களை டாஷ்போர்டில் வேகவிடாதீர்கள்.

அடுத்த பயணத்துக்கு 35 எம்.எம். போர்ட்ரா எட்டு, காலை ஏழு மணி வெளிச்சத்துக்கென்று எக்டாக்ரோம் ஒன்று. ஹெச்.பி.5-ம் ஒன்று வருகிறது. கடல்மூடுபனி இறங்கி, நீலம் எது துரு எது என்று கண்ணுக்கே தெரியாத நாளில்தான் அதைப் பிரிப்பேன்.