முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு சமையலறை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூண், பழைய கடிகாரம், சாமி படம் என்று பார்த்து, விலை கேட்டு, நகர்ந்துவிடுகிறார்கள். அவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. கடை வாசலில் தரையோடு குவித்துப் போட்டிருக்கும் இரும்பு, வெண்கலம், பித்தளை, கல்சட்டி இவற்றைப் பற்றித்தான். சின்ன வருமானத்தில் குடித்தனம் தொடங்குகிறவர்களுக்கு இந்தத் தெருவைப்போல வாரிக் கொடுக்கும் இடம் வேறில்லை. ஒரு தோசைக்கல், ஒரு பணியாரக்கல், ஒரு கல்சட்டி, ஒரு வெண்கலப் பானை, ஒரு பித்தளைத் தூக்கு: இந்த ஐந்தும் இருந்தால் மூன்று பேர் சாப்பாட்டுக்கு எதுவும் குறையாது.

இவ்வளவு சாமான் இங்கே எப்படி வந்தது என்பது ஊருக்கே தெரிந்த கதை. நகரத்தார் வீடுகளில் பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது ஒன்றுக்குப் பல என்று பாத்திரம் வைப்பார்கள். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அங்கே நகரத்தார் நடத்திவந்த வட்டிக் கொடுக்கல் வாங்கல் முடங்கியது. பிறகு வீடுகள் பூட்டப்பட்டன, பங்கு பிரிந்தன, வீட்டுக்குள் பெட்டிகள் வைக்கும் பெட்டக சாலையில் இருந்தவை தெருவுக்கு வந்தன. குவியலில் ஒரு அண்டாவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஒட்டு, சுற்றிலும் மிளகு மிளகாகத் தறைந்த ஆணி. கப்பலில் தேக்கு இறக்கி வீடு கட்டியவர்களும் ஓட்டை விழுந்த அண்டாவைத் தூக்கிப் போடவில்லை. மழைக்கு முற்றத்து மூலையில் அண்டாவையும் கிடாரத்தையும் வைத்துத் தண்ணீர் பிடித்த ஊர் இது. இருப்பதைப் பேணினால் போதும் என்கிற நிறைவு அந்த ஒட்டில் அப்படியே தெரிகிறது. ஒட்டுப் போட்ட பாத்திரம் விலையும் குறைவு. தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துக் கசியவில்லை என்றால் தாராளமாக வாங்கலாம்.

முதலில் தோசைக்கல். வார்ப்பிரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். கைப்பிடி வளையத்தில் ஒரு விரலை விட்டுத் தொங்கவிட்டு, சாவியால் விளிம்பில் தட்டுங்கள். மணிபோல இழுத்து ஒலித்தால் நல்ல கல். "டப்" என்று அடைத்துக்கொண்டால் விரிசல், எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். "அண்ணே, தட்டிப் பாத்துக்கிறவா?" என்று கேட்டால், "தாராளமாப் பாருங்க ஆச்சி" என்பார்கள். தயங்க வேண்டியதில்லை. துரு இருந்தால் பயப்படாதீர்கள். நகத்தால் சுரண்டினால் தூளாக வரும் துரு போய்விடும். உள்ளே குழிகுழியாக அரித்திருந்தால் அது போகாது, தோசை அங்கே ஒட்டிக்கொண்டே இருக்கும். பணியாரக்கல்லில் ஒவ்வொரு குழிக்குள்ளும் விரலை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பழக்க வேண்டும். செலவு என்று ஒன்றும் இல்லை, சோறு வடித்த கஞ்சி போதும். கல் முழுகும்படி கஞ்சியை ஊற்றி மூன்று நாள் வையுங்கள். தினமும் காலையில் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டுப் புதுக் கஞ்சி மாற்றவேண்டும். கஞ்சி புளிக்கும்போது வரும் புளிப்புதான் துருவை இளக்குகிறது. மாற்றாமல் ஒரு வாரம் போட்டுவிட்டால் அந்தப் புளிப்பே இரும்பையும் தின்னும். நான்காம் நாள் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போக்குங்கள். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் தடவி, தடவியதைத் துணியால் துடைத்தும் எடுத்துவிடுங்கள். துடைத்த பிறகு ஒட்டியிருப்பது மட்டும் போதும். சிறு தீயில் லேசாகப் புகை வரும் வரை வைத்து, ஆறவிட்டு, இதையே நான்கு தடவை செய்யவேண்டும். பெரும்பாலோர் தவறுவது எண்ணெயில்தான். கூடுதலாக ஊற்றினால் அது காய்ந்து பிசினாகி, கல் பிசுபிசுவென்றே இருக்கும். அப்படி ஆனால் சாம்பல் போட்டுத் தேய்த்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கடைசியாக ஒரு கை வெங்காயத்தை வதக்கிக் கொட்டிவிட்டு மாவை ஊற்றலாம். முதல் இரண்டு தோசை பிய்ந்துதான் வரும். புளியோ தக்காளியோ இந்தக் கல்லில் கொதிக்க விடாதீர்கள், பழக்கிய பூச்சு கழன்றுவிடும்.

கல்சட்டியைப் பொறுத்தவரை புதியதைவிடப் பழையதே மேல். மாக்கல்லில் குடைந்த புதுச் சட்டியைப் பழக்க எண்ணெயும் மஞ்சளும் தடவிப் பல நாள் வெந்நீரும் கஞ்சியும் ஊற்றிக் காக்க வேண்டும். அந்த வேலையை யாரோ ஒரு ஆச்சி உங்களுக்காக எப்போதோ செய்து வைத்துவிட்டார். வெளிப்புறம் வெளிறிய சாம்பல் நிறமாக இல்லாமல் கறுத்திருந்தால் அது பழகிய சட்டி. தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாள் மேல் வைத்தால் விரிசல் காட்டிக்கொடுத்துவிடும். அடியைத் துடைத்து, உள்ளே திரவம் இருக்கும்போது மட்டும், சிறு தீயில் ஏற்றுங்கள். சூட்டோடு பச்சைத் தண்ணீர் பட்டால் பிளந்துவிடும். வற்றக் குழம்பு கெட்டிப்படத் தொடங்கும்போதே அடுப்பை அணைத்துவிடலாம். இறக்கி வைத்த பிறகும் சட்டி பல நிமிடம் "தளதள"வென்று கொதித்துக்கொண்டிருக்கும். சிலிண்டரை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் வீட்டில் அந்தச் சத்தம் காதுக்கு இதமானது.

வெண்கலத்தையும் பித்தளையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெண்கலம் ஏறக்குறைய நான்கு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்தது. தட்டினால் நாதம் நீண்டு நிற்கும், ஈயம் பூசாமலே சமைக்கலாம். ஆனால் கீழே போட்டால் உடையும், வெறும் பானையை அடுப்பில் காயவிட்டாலும் விரிசல் விடும். பித்தளையில் செம்போடு துத்தநாகம் இருக்கிறது. நிறம் இன்னும் மஞ்சள், நாதம் குறைவு. பூச்சில்லாத பித்தளையில் புளிப்புப் பட்டால் களிம்பு ஏறும், உடம்புக்கு ஆகாது. ஆகவே பித்தளைச் சாமானை வாங்கும்போதே ஈயம் பூசுகிற கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

பூசும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். பாத்திரத்தை நெருப்பில் சூடேற்றி, நவச்சாரம் தூவி, ஈயத்தை உருக்கிப் பஞ்சால் சுற்றித் தேய்ப்பார்கள், கண் மூடித் திறப்பதற்குள் மஞ்சள் வெள்ளியாகும். அந்த ஈயம் வெள்ளீயமாக இருக்க வேண்டும், காரீயம் கலந்தால் நஞ்சு. பூசுகிறவரிடம் கம்பியைக் கேட்டு வாங்கிக் காதருகே வைத்து வளைத்துப் பாருங்கள். சுத்தமான வெள்ளீயம் "கிறீச்" என்று முனகும், காரீயம் சத்தமில்லாமல் வளையும். வெள்ளைத் தாளில் கோடு போட்டால் காரீயம் பென்சில்போலக் கறுப்பாக எழுதும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் பூசிய பாத்திரத்தில் தாளிக்காதீர்கள். இரும்புக் கரண்டியில் தாளித்துக் கொட்டினால் பூச்சு நீண்ட நாள் நிற்கும். உள்ளே மஞ்சள் எட்டிப் பார்த்தால் மறுபடி பூசும் நேரம் வந்துவிட்டது.

வாங்கவே கூடாதவையும் இந்தத் தெருவில் உண்டு. பழைய ஈயச்சொம்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், எதில் வார்த்தது என்று அங்கே நின்று உறுதி செய்ய வழியில்லை. எனாமல் சாமானில் உட்புறம் சில்லு பெயர்ந்திருந்தால் சமையலுக்கு ஆகாது. உட்புறம் பளீர் சிவப்போ மஞ்சளோ ஆனால் அந்தக் காலத்து வண்ணத்தில் காட்மியமும் காரீயமும் இருக்கக்கூடும், பருப்பு டப்பா வைக்கும் தட்டாக மட்டும் பயன்படுத்தலாம். ஊறுகாய் ஜாடியில் மயிரிழைக் கோடு தெரிந்தால் எண்ணெய் கசியும். மர அஞ்சறைப் பெட்டியைத் தட்டிப் பூச்சி அரித்த மர மாவு உதிர்கிறதா பாருங்கள்.

விலைச்சீட்டு பெரும்பாலும் இருக்காது, வாங்கியதைத் திருப்பவும் முடியாது. கடைகளின் உள்பக்கம் இருட்டு, கைப்பேசி வெளிச்சம் வேண்டும். வெண்கலமும் பித்தளையும் எடைக்கணக்குதான். ஊருக்குள் ஏதாவது பாத்திரக் கடையில் அன்றைய பழைய பித்தளை விலையைக் கேட்டுக்கொண்டு போனால் பேரம் ஒழுங்காக நடக்கும். "பழங்காலத்து" என்று சொல்லிக் கூடக் கேட்டால், சமைக்கத்தான் வாங்குகிறோம் என்று சொல்லிவிடுங்கள். அலங்காரத்துக்கு வாங்குகிறவர்கள் தொடாத, நசுங்கிய, கைப்பிடி மாற்றிய சாமான்களை அப்போது உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள். நமக்கு வேண்டியது அதுதான்.

பாலிஷ் போட்டுத் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மெஷின் பாலிஷ் உலோகத்தைத் தேய்த்து மெலிதாக்கிவிடும், புளியும் சாம்பலும் வீட்டில் இருக்கிறது. வீட்டுக்காரர் பெயரைச் சுருக்கி விளிம்பில் வெட்டிய விலாச எழுத்துகளும் பாலிஷில் போய்விடும். அந்தச் சாமான் எந்த வீட்டுப் பெண்ணுக்கு வைத்தது என்று சொல்ல அந்த மூன்று நான்கு எழுத்து மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.