ஃபிரில் வைத்த பூப்போட்ட திரை ஆன்லைனில் ஆர்டர் செய்யும் முன் இதைப் படியுங்கள்

பார்சல் வந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்று காலை கடைக்காரர்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 18,400 ரூபாய் போச்சு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சமூக வலைதளத்தில் படம் போட்டு, மெசேஜில் ஆர்டர் வாங்கி, அளவுக்குத் தைத்து அனுப்பும் கடை அது. பழைய காலத்து வீட்டு அலங்காரம் மட்டும்தான் செய்வார்களாம். படங்களைப் பார்த்ததும் எனக்குப் பாட்டி வீட்டு ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. வெளிர் மஞ்சளில் சின்னச் சின்ன ரோஜா, அடியில் நெருக்கமாகச் சுருக்கு வைத்த ஃபிரில், காற்றடித்தால் ஃபிரில் மட்டும் தனியாக அசையும். அந்த ஒரு ஜன்னலுக்காக இரண்டு வருடம் காசு சேர்த்தேன்.

நம்பியது எப்படி என்று கேட்பீர்கள். அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது, அதனால்தான் நம்பினேன். சோழமண்டலக் கரையிலிருந்து போன, பூப்போட்ட பருத்தியான சீட்டித் துணி ஐரோப்பாவை எப்படிப் பைத்தியமாக்கியது, பிரான்ஸ் 1686-ல் ஏன் அதைத் தடை செய்தது, இங்கிலாந்து 1721-ல் உடுத்தவும் கூடாது, வீட்டில் விரிக்கவும் கூடாது என்று எப்படிச் சட்டம் போட்டது என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். சரிபார்த்தேன், எல்லாம் உண்மை. க்ளோசப் படம் கேட்டேன். உடனே வந்தது. ரோஜாவின் சிவப்பு அதன் கோட்டை விட்டு ஒரு நூல் அளவு விலகியிருந்தது. மர அச்சில் கையால் அடித்தால் அப்படி வரும். அதைப் பார்த்ததும் எனக்கிருந்த சந்தேகமெல்லாம் போய்விட்டது. "நூறு சதவீதம் காட்டன், பிளாக் பிரிண்ட். உங்க பாட்டி வீட்டு ஜன்னல் அப்படியே வந்துடும் மேடம்" என்று ஒரு பெண் குரல். அந்தக் குரலில் இருந்த கனிவை நம்பித்தான் 18,400-ஐ முழுதாக முன்பணமாகக் கட்டினேன். நாலு திரை, ஃபிரில் வைத்த ஒரு மெத்தை விரிப்பு, நாலு தலையணை உறை.

பிரித்துப் பார்த்தபோது முதலில் கையில் பட்டது அந்த வழவழப்பு. துணியின் பின்பக்கம் வெள்ளை வெளேர், சாயம் ஊறவே இல்லை. எல்லா ரோஜாவும் அச்சு அசலாக ஒரே மாதிரி, ஒரு பிசிறு இல்லை. ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினேன். காட்டன் என்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிர வேண்டும். இது உருகிச் சுருண்டு கடுகளவு கறுப்பு உருண்டையாக இறுகிவிட்டது. பாலியெஸ்டர்.

தையல் இன்னும் மோசம். ஃபிரில் அழகாக நிற்க, ஒரு மீட்டர் ஓரத்துக்கு இரண்டு, இரண்டரை மீட்டர் பட்டி சுருக்க வேண்டும். நான் ஒரு பக்கம் பிரித்து அளந்தேன். ஒன்றேகால் மீட்டர்! சுருக்கே இல்லை, ஈரத்தில் நெளிந்த காகிதம் மாதிரி இருக்கிறது. ஓரம் மடித்து அடிக்கவில்லை, ஓவர்லாக் மட்டும் போட்டு விட்டிருக்கிறார்கள், இப்போதே நூல் பிரிகிறது. ஒரு திரையில் ரோஜாக்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. நாலில் ஒன்றைத் திருப்பி வெட்டியிருக்கிறார்கள், தைத்தவர், மடித்தவர், பேக் செய்தவர் ஒருவர் கண்ணிலும் படவில்லையா? அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதல் நாள் பதில்: "ஸ்கிரீன் வெளிச்சத்துல கலர் மாறித் தெரியும் மேடம்." நான் கலரைப் பற்றிக் கேட்கவே இல்லை. மூன்றாம் நாள்: "துவைச்சீங்களா? துவைச்சா நாங்க பொறுப்பில்ல." தண்ணீரே படவில்லை என்றேன். ஐந்தாம் நாள் பார்சல் பிரித்த வீடியோ கேட்டார்கள். அனுப்பினேன். "வீடியோ தெளிவா இல்ல." தலைகீழ் ரோஜாவுக்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "அது டிசைன்." ஏழாம் நாளிலிருந்து "மேடம்" என்ற சொல்லும் போய்விட்டது, "அன்பான வாடிக்கையாளரே, அளவுக்குத் தைத்த பொருளைத் திரும்பப் பெற இயலாது" என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப. கனிவாகப் பேசிய அந்தப் பெண் குரல் அதன் பிறகு கடைசி வரை பேசவே இல்லை. எனக்கு அனுப்பிய க்ளோசப் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தேன், வேறொரு நெசவுப் பக்கத்தில் ஏற்கெனவே வந்த படம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. அவசரமாக இவ்வளவு மட்டும்: கையளவு சாம்பிள் துணி வாங்காமல் பணம் கட்டாதீர்கள். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், நூலை எரித்துப் பாருங்கள். ஃபிரிலுக்கு எத்தனை மடங்கு துணி, பூ எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்பே கொடுக்காதீர்கள். படம் அனுப்பினால் அதைத் தேடிப் பாருங்கள், நான் 18,400 கட்டிய பிறகுதான் தேடினேன்.

அந்தப் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று இரவு அதே மஞ்சள் துணி ரோஜா படத்தைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். கீழே ஒருத்தர், "என் அம்மா வீட்டுத் திரை மாதிரியே இருக்கு, விலை என்ன?" என்று கேட்டிருந்தார். அவருக்கு நான் எழுதிய பதிலை ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள்.