பவளக்காரத் தெருவிலிருந்து அறிவாலயம் வரை: ஒரு மரபு நடையைப் பற்றிய மதிப்புரை

திராவிட முன்னேற்றக் கழகத்தின் வரலாற்றை, அது நிகழ்ந்த இடங்களுக்கே அழைத்துச் சென்று சொல்லித் தரும் மரபு நடை ஒன்றைச் சென்னையில் ஒரு சிறு குழுவினர் மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்தி வருகிறார்கள். சென்ற மாதம் நானும் கல்லூரியில் படிக்கும் என் மகளும் அதில் கலந்துகொண்டோம். கட்டணம் தலைக்கு 800 ரூபாய். காலை ஆறரை மணிக்குத் தொடங்கி நண்பகலில் முடிகிறது. வடசென்னைப் பகுதி முழுவதும் நடை, அதன் பிறகு வேன். நடத்துபவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் இளைஞர்கள்; நான் சொல்லவிருக்கும் குறைகள் எளிதில் திருத்திக்கொள்ளக் கூடியவை; ஒரு நல்ல முயற்சி தொடக்கத்திலேயே பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதே காரணம்.

நான் இந்த நடைக்கு ஓர் எதிர்பார்ப்போடு சென்றேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் தந்தையார் நாகப்பட்டினம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிளைக் கழகச் செயலாளராக இருந்தவர். மாதக் கூட்டத்தின் தீர்மானங்களைக் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் மைப்பேனாவால் எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி வைப்பார். கழகம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நோட்டுப் புத்தகம்தான். ஒரு மாநிலத்தின் அரசியலை அரை நூற்றாண்டுக்கு மேல் வடிவமைத்த கட்சி எப்படிக் கட்டப்பட்டது என்பதை இந்த நடை என் மகளுக்குக் காட்டும் என்று நம்பினேன்.

தொடக்கம் ஜார்ஜ் டவுனில் உள்ள பவளக்காரத் தெரு. கடைகள் திறப்பதற்கு முன் அந்தத் தெருவில் நின்று, 1949 செப்டம்பர் 17 அன்று ஏழாம் எண் வீட்டில் நடந்த, கழகத்தைத் தோற்றுவித்த கூட்டத்தைப் பற்றி வழிகாட்டி பேசினார். குரல் தெளிவாக இருந்தது. தமிழ் நன்றாக இருந்தது. 1916-இல் தோன்றிய நீதிக்கட்சி, 1944 சேலம் மாநாட்டில் திராவிடர் கழகமாக மாறியதிலிருந்து தொடங்கி, 1947 ஆகஸ்ட் 15-ஐத் துக்க நாள் என்று பெரியார் அறிவித்தபோது அண்ணா அதை ஏற்காமல் மாறுபட்டு எழுதியதையும், 1949 ஜூலையில் நடந்த பெரியார்–மணியம்மை திருமணம் அந்த விரிசலைப் பிளவாக்கியதையும் பத்து நிமிடங்களில் கோவையாகச் சொன்னார். பிரிவுக்குத் திருமணம் ஒன்றே காரணம் என்று கதையாகச் சொல்பவர்கள் பலர் இருக்க, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கொள்கை வேறுபாட்டையும் சேர்த்துச் சொன்னது இவர்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டியது.

அங்கிருந்து வடக்கே நடந்து ராயபுரம் ராபின்சன் பூங்காவை அடைந்தோம். இப்போது அது அறிஞர் அண்ணா பூங்கா. கட்சியின் முதல் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் நடந்த இடம் இது. இங்கேதான் முதல் பிழை நேர்ந்தது. பவளக்காரத் தெருக் கூட்டமும் பூங்காக் கூட்டமும் ஒரே நாளில் நடந்தவை என்று வழிகாட்டி சொன்னார். பொதுக்கூட்டம் நடந்தது மறுநாள், செப்டம்பர் 18. சிறிய பிழைதான். ஆனால் பெரியாரின் பிறந்தநாளான 17-ஆம் நாளையே கட்சியின் தொடக்க நாளாகக் கொண்டாடுவதில், பிரிந்து வந்த பின்னும் அந்த உறவை விட்டுவிட மனமில்லாத ஒரு தலைமுறையின் உள்ளம் இருக்கிறது. நாள்களைக் கலந்துவிட்டால் அது கேட்பவருக்குப் புலப்படாமல் போகும்.

இரண்டாவது பிழை அதைவிடப் பெரியது. அண்ணாவைக் கட்சியின் முதல் தலைவர் என்று அச்சிட்ட கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். அண்ணா பொதுச்செயலாளர். தலைவரின் இடம் பெரியாருக்கு உரியது என்று அதை நிரப்பாமலேயே விட்டார்கள். கட்சிக்குத் தலைவர் என்று ஒருவர் வந்தது அண்ணா மறைந்த பிறகு, 1969-இல் கலைஞர் தேர்ந்தெடுக்கப்பட்டபோதுதான். அதுவரை இருபது ஆண்டுகள் பொதுச்செயலாளர் பதவியே உச்சமாக இருந்தது. அந்தப் பதவியையும் 1950-களின் நடுவில் அண்ணா நெடுஞ்செழியனிடம் ஒப்படைத்து, ‘தம்பி வா, தலைமை ஏற்க வா’ என்று அழைத்தார். அமைப்பைப் புரிந்துகொள்ள விரும்புபவருக்கு இதைவிட நல்ல தொடக்கப் பாடம் கிடைக்காது. அதைக் கையேடு தவறவிட்டிருப்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

பூங்காவிலிருந்து கட்சியின் முதல் தலைமையகமான ராயபுரம் அறிவகத்தைப் பார்த்துவிட்டு, நடையின் மிகச் சிறந்த பகுதிக்கு வந்தோம். அருகில் ஒரு சந்தில் பழைய படிப்பகம் ஒன்று இருக்கிறது. ஓட்டுக் கூரை, இரண்டு நீள் பலகைகள், சுவரில் கறுப்பு சிவப்புப் பட்டை. அங்கே எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். பத்து வயதில் அந்தப் படிப்பகத்துக்கு வந்து, ‘நம் நாடு’ நாளேட்டை எழுத்தறியாத துறைமுகத் தொழிலாளர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டும் வேலை தமக்குத் தரப்பட்டிருந்தது என்று அவர் சொன்னார். செய்தி படித்து முடித்ததும் கேள்விகள் வரும். பதில் தெரியாவிட்டால் மறுநாள் மூத்தவர் ஒருவரைக் கேட்டு வந்து சொல்ல வேண்டும். இப்படித்தான் ஒரு வட்டக் கழகம் உருவானது என்பதை அவர் எந்த மேற்கோளும் இல்லாமல் விளக்கினார்.

என் மகள் அவரிடம் பதவிகளைப் பற்றிக் கேட்டாள். அவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். ஊரில் கிளைக் கழகம். நகரத்தில் வட்டக் கழகம். ஒவ்வொன்றுக்கும் அவைத்தலைவர், செயலாளர், துணைச் செயலாளர்கள், பொருளாளர், மேலமைப்புக்குச் செல்லும் பிரதிநிதிகள். கிளைகளுக்கு மேலே ஒன்றியம், பேரூர், நகரம். சென்னை போன்ற மாநகரில் பகுதி. அவற்றுக்கு மேலே மாவட்டம். அதற்கும் மேலே பொதுக்குழு, செயற்குழு. உறுப்பினர் உரிமைச் சீட்டு வாங்கியவர் கிளை நிருவாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்; கீழிருந்து வரும் பிரதிநிதிகள் அடுத்த மட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; பொதுக்குழு தலைவரையும் பொதுச்செயலாளரையும் பொருளாளரையும் தேர்ந்தெடுக்கிறது. மேல்மட்டத் தேர்தல்கள் பெரும்பாலும் போட்டியின்றியே முடிந்துவிடுகின்றன என்பதையும், ஆனால் கிளையிலும் ஒன்றியத்திலும் ஒரு வாக்குக்காக இரவு முழுவதும் பேசித் தீர்த்த காலம் உண்டு என்பதையும் அவரே ஒளிக்காமல் சொன்னார். நாற்பது நிமிடங்கள் போனது தெரியவில்லை. அட்டவணையில் அந்த இடத்துக்கு ஒதுக்கியிருந்தது பதினைந்து நிமிடங்கள் மட்டுமே. வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எங்களை எழுப்பினார்.

அந்த நேரக் கட்டுப்பாட்டின் விலையை வேனில் ஏறிய பிறகு உணர்ந்தோம். 1956 திருச்சி மாநாட்டைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லப்படவில்லை. தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்ற கேள்வியை அண்ணா அந்த மாநாட்டுக்கு வந்தவர்களிடமே விட்டார். பெட்டிகள் வைத்து வாக்கெடுத்தார்கள். 56 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நிற்கலாம் என்றும், நான்காயிரம் பேரளவில் வேண்டாம் என்றும் வாக்களித்தனர். ஒரு கட்சி தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவைத் தொண்டனின் கையில் கொடுத்த அந்த நிகழ்வை விட்டுவிட்டு, 1957-இல் 15 இடங்கள், 1962-இல் 50 இடங்கள் என்று வெறும் எண்களைச் சொல்லிச் செல்வது அடித்தளத்தைக் காட்டாமல் மாடியைக் காட்டுவதற்கு ஒப்பாகும். 1959 சென்னை மாநகராட்சித் தேர்தலில் 45 இடங்களைப் பிடித்து அ.பொ. அரசு மேயரானதை மட்டும் ரிப்பன் மாளிகையைக் கடக்கும்போது நன்றாகச் சொன்னார்கள். வட்டக் கழகங்களின் முதல் பெரிய வெற்றி அது.

1967-க்கு அவர்கள் ஒதுக்கிய நேரம் போதுமானது, சொல்லியதும் சரியானது. தேர்தல் நிதியாகப் பத்து லட்சம் ரூபாய் திரட்ட அண்ணா இலக்கு வைத்ததும், கலைஞர் பதினோரு லட்சம் கொண்டுவந்து கொடுத்ததும், விருகம்பாக்கம் மாநாட்டில் வேட்பாளர் பட்டியலை வாசித்தபோது சைதாப்பேட்டைக்கு வேட்பாளர் ‘பதினோரு லட்சம்’ என்று அண்ணா அறிவித்ததும் கேட்கக் கேட்கச் சலிக்காதவை. ஆனால் அந்தப் பணம் எப்படி வந்தது? நாடகச் சீட்டுகளாகவும், கூட்டங்களில் விரித்த துண்டுகளில் விழுந்த நாணயங்களாகவும், கிளைகள் சேர்த்து அனுப்பிய சிறு தொகைகளாகவும் ஒரு கட்சியின் நிதி வளர்வதைச் சொல்லாவிட்டால், இந்நிகழ்ச்சி ஒரு தனி மனிதரின் சாமர்த்தியமாக மட்டுமே கேட்பவர் மனத்தில் நின்றுவிடும்.

தேனாம்பேட்டையில் அன்பகத்தை வெளியிலிருந்து பார்த்தோம். 1980 ஜூலை 20 அன்று மதுரை ஜான்சி ராணிப் பூங்காவில் தொடங்கப்பட்ட இளைஞரணியின் தலைமையகம் அது. அதன்பின் கட்சியின் இன்றைய தலைமையகமான அண்ணா அறிவாலயம். இங்கே வழிகாட்டி செய்த பிழையை என்னால் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை. ஆட்சியில் இருந்ததால் இவ்வளவு பெரிய கட்டடம் கட்ட முடிந்தது என்று அவர் சொன்னார். உண்மை அதற்கு நேர்மாறானது. அறிவாலயம் திறக்கப்பட்டது 1987 செப்டம்பர் 16. அப்போது கழக ஆட்சி கலைக்கப்பட்டுப் பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். நீக்கப்பட்டு அ.தி.மு.க. பிறந்தது, 1976 ஜனவரி 31-இல் ஆட்சி போனது, நெருக்கடி நிலைக் காலத்து மிசா சட்டத்தில் தலைவர்கள் சிறை சென்றார்கள், பிறகு 1977-இல் 48, 1980-இல் 37, 1984-இல் 24 என்று சட்டமன்ற இடங்கள் சரிந்துகொண்டே போயின. மூன்று தேர்தல்களில் தொடர்ந்து தோற்ற ஒரு கட்சி அந்தக் கட்டடத்தைக் கட்டியது. இரண்டே ஆண்டுகளில், 1989-இல் 150 இடங்களோடு ஆட்சிக்குத் திரும்பியது. இந்தப் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளில் கட்சியைக் கலையாமல் காத்தது எது என்ற கேள்விக்கு விடை சொல்லாத எந்த வரலாறும் முழுமையானது அல்ல. என் தந்தையாரின் நோட்டுப் புத்தகத்தில் அந்த ஆண்டுகளின் பக்கங்களில் சில கூட்டங்களுக்கு ஐந்து கையெழுத்துகளே இருக்கின்றன. ஆனாலும் எந்த மாதமும் விடுபட்டிருக்கவில்லை.

மாவட்டச் செயலாளர்களின் செல்வாக்கைப் பற்றி மகள் கேட்ட கேள்விக்கு மட்டும் வழிகாட்டி நல்ல பதில் தந்தார். வருவாய் மாவட்டங்கள் 38 என்றால் கழக மாவட்டங்கள் ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு இருப்பதையும், வேட்பாளர் தேர்விலிருந்து வாக்குச்சாவடி முகவர் நியமனம் வரை அந்தப் பதவியைத் தொடாமல் எதுவும் நடப்பதில்லை என்பதையும், 1993-இல் வைகோ வெளியேற்றப்பட்டபோது ஒன்பது மாவட்டச் செயலாளர்கள் அவருடன் சென்றது ஏன் அத்தனை பெரிய அதிர்ச்சியாக இருந்தது என்பதையும் விளக்கினார். தலைமைப் பதவி 1969 முதல் 2018 வரை ஒருவரிடமும், அதன்பின் அவர் மகனிடமும் இருப்பது கிளையில் உழைப்பவருக்கு என்ன பொருள் தருகிறது என்று உடன் வந்த ஒருவர் கேட்டபோது, அது அரசியல் கேள்வி என்று சொல்லி விலகிவிட்டார். ஒரு கட்சியின் வரலாற்றைக் கட்டணம் வாங்கிச் சொல்ல வந்தவர் அக்கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. ஆதரித்தோ எதிர்த்தோ பேச வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும்.

கடைசி நிறுத்தம் மெரினா நினைவிடங்கள். உச்சி வெயிலில், களைத்த நிலையில், அங்கே யாரும் எதையும் கேட்கும் மனநிலையில் இல்லை. இந்த நிறுத்தத்தை நீக்கிவிட்டு, மீதமாகும் நேரம் முழுவதையும் படிப்பகத்துக்குக் கொடுக்கலாம்.

வசதிகளைப் பொறுத்தவரை குறை சொல்ல ஏதுமில்லை. குழுவில் பதினைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. தண்ணீரும் மோரும் கொடுத்தார்கள். ராயபுரத்தில் காலைச் சிற்றுண்டி கட்டணத்திலேயே அடக்கம். முதியவர்களுக்காக வேன் முன்பே வந்து நின்றது. கூட்டத்தில் கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி சிறிய ஒலிபெருக்கி ஒன்று வைத்திருந்தால் ஜார்ஜ் டவுனில் உதவியாக இருந்திருக்கும்.

வரலாறு படிக்கும் மாணவர்களும், வேறு கட்சிகளில் இருப்பவர்களும்கூட இதற்கு ஒருமுறை செல்லலாம் என்பது என் கருத்து. 800 ரூபாய்க்கு அந்தப் பெரியவரின் பேச்சு ஒன்றே போதும். பிழைகளைக் குறிப்பிட்டு நடத்துபவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு நாள்களில் பதில் வந்தது: கையேட்டில் தலைவர் பதவி பற்றிய வரியையும் அறிவாலயம் பற்றிய பகுதியையும் திருத்துவதாக எழுதியிருந்தார்கள், என் தந்தையாரின் நோட்டுப் புத்தகத்திலிருந்து 1977 முதல் 1988 வரையிலான தீர்மானப் பக்கங்களை நகல் எடுத்துப் படிப்பகத்துச் சுவரில் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த மாத நடைக்கு மீண்டும் பெயர் கொடுத்திருக்கிறேன்.